தீ அலாரம் வயரில் வைஃபைக்குக் கரண்ட் எடுக்கலாமா? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

பழைய கட்டடத்துக்கு வைஃபை போடும்போது, சிக்னலை வீசும் பெட்டியான ஆக்சஸ் பாயின்ட்டை எங்கே மாட்டுவது என்பது சீக்கிரம் முடிவாகிவிடும். அதற்குக் கரண்ட் எங்கிருந்து கொண்டுவருவது என்பதில்தான் வேலை சிக்கிக்கொள்ளும். பிளக் பாயின்ட் எல்லாம் முழங்கால் உயரத்தில் இருக்கும். கருவியோ கூரையில் மாட்ட வேண்டியது. அண்ணாந்து பார்த்தால் ஒவ்வோர் அறையிலும் ஒரு ஸ்மோக் டிடெக்டர். அதற்குப் போகும் வயரில் 24 வோல்ட் டி.சி. இருக்கிறது, பேட்டரி பேக்கப்பும் இருக்கிறது. ஆக்சஸ் பாயின்ட்டுக்கு வேண்டியதோ பத்துப் பன்னிரண்டு வாட். இருக்கிற வயரிலேயே ஒரு இணைப்பு தட்டிவிட்டால் கேபிள் இழுக்கிற செலவு மிச்சம்தானே என்று தோன்றாமல் இருக்காது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் தீ அலாரம் லைனில் கை வைக்கக் கூடாது. விதி தடுக்கிறது என்பது இருக்கட்டும், அந்த லைன்களில் பெரும்பாலானவற்றில் ஆக்சஸ் பாயின்ட் (இனி ஏ.பி.) முதலில் உயிர்பெறவே பெறாது. உயிர்பெறும் ஓரிடத்திலும் கணக்கு உதைக்கும். அதற்கு மேல், அந்த வயர் கொடுப்பது கரண்ட் மட்டும்தான்; டேட்டாவுக்கு வேறு வழி தேட வேண்டும். அந்த வேறு வழி ஒரு நெட்வொர்க் கேபிள் என்றால் கரண்ட்டும் அதிலேயே வந்துவிடும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

## எதை வைத்து எடை போடுவது

வாட் கணக்குதான் முதலில். ஏ.பி.யின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்க்காமல், தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில் அதிகபட்ச நுகர்வு என்ன என்று பாருங்கள். வைஃபை 5 கருவிகள் பெரும்பாலும் 13 வாட்டுக்குள் அடங்கும். வைஃபை 6-ல் பல கருவிகள் அதைத் தாண்டும். மூன்று அலைவரிசைகளில் இயங்கும் வைஃபை 7 கருவிகளில் 25 வாட்டைத் தாண்டுபவையும் உண்டு.

அடுத்தது, டேட்டா எந்த வழியாக வருகிறது என்பது. கரண்ட்டும் டேட்டாவும் ஒரே கேபிளில் வருகிறதா, தனித்தனியா? தனித்தனி என்றால் இரண்டின் செலவையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

மின்தடையில் என்ன ஆகும், எத்தனை மணி நேரம் தாங்கும், அந்தப் பேட்டரி யாருடையது என்பது மூன்றாவது. ஒரு கருவியில் ஷார்ட் ஆனால் அந்தப் பழுது எதுவரை பாயும் என்பது நான்காவது. கடைசியாக, அந்த வயரைத் தொட யாருடைய அனுமதி வேண்டும், நாளைக்கு இன்னும் நான்கு ஏ.பி. சேர்க்க வேண்டுமென்றால் வழி இருக்கிறதா என்பவை. விலைப்பட்டியலில் வராத செலவெல்லாம் கடைசி மூன்றில்தான் ஒளிந்திருக்கும்.

## வழி 1: ஓடும் தீ அலாரம் லைனில் எடுப்பது

தீ அலாரம் வயர் என்று பொதுவாகச் சொன்னாலும் பேனல் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருந்து கிளம்புபவை நான்கு வகை. ஒவ்வொன்றிலும் ஏ.பி. மாட்டினால் நடப்பது வேறு.

சாதாரண டிடெக்டர் ஸோன், அதாவது ஒரு பகுதியின் டிடெக்டர்கள் எல்லாம் சேர்ந்த ஒரு லைன். இரண்டு வயர், கடைசி டிடெக்டரில் ஒரு ரெசிஸ்டர். அது 4.7 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால் 24 வோல்ட்டில் லைனில் ஓடுவது சுமார் 5 மில்லி ஆம்பியர். பேனல் இந்தச் சிறு கரண்ட்டைப் பார்த்துத்தான் லைன் நலமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறது. கரண்ட் நின்றால் வயர் அறுந்துவிட்டது என்று பொருள். சில பத்து மில்லி ஆம்பியருக்கு ஏறினால் டிடெக்டர் புகையைப் பார்த்துவிட்டது என்று பொருள். 12 வாட் ஏ.பி. கேட்பதோ 500 மில்லி ஆம்பியர். இணைத்த நொடியில் பேனல் அதை அலாரமாகவோ ஷார்ட்டாகவோ எடுத்துக்கொள்ளும். அதே சமயம் கரண்ட்டையும் கட்டுப்படுத்திவிடுவதால் ஏ.பி.யும் எழாது. சத்தம் மட்டும்தான் மிச்சம்.

அட்ரஸபிள் லூப். இதிலும் இரண்டு வயர்தான். ஆனால் மின்சாரத்தின் மேலேயே டிஜிட்டல் துடிப்புகளை ஏற்றி, பேனல் ஒவ்வொரு டிடெக்டரையும் பெயர் சொல்லி விசாரிக்கிறது. முழு லூப்புக்கும் சேர்த்தே சில நூறு மில்லி ஆம்பியர்தான் கிடைக்கும். டிடெக்டர், மாட்யூல், லூப்பிலேயே இயங்கும் ஹூட்டர் (அலாரம் ஒலிக்கும் கருவி) எல்லாம் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரே ஒரு ஏ.பி. அதை விழுங்கிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. 24 வோல்ட்டை 12 ஆக்கும் பக் கன்வர்ட்டரின் உள்வாசலில் பெரிய கெபாசிட்டர் இருக்கும். வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துவதுதான் அதன் வேலை. லூப்பில் டேட்டாவாக ஓடுவதே அந்த ஏற்ற இறக்கம்தான். ஆகவே தொலைவில் இருக்கும் டிடெக்டர்கள் ஒவ்வொன்றாக ‘பதில் இல்லை’ என்று பேனலில் வரத் தொடங்கும். கன்வர்ட்டரை யாரும் சந்தேகிக்கவே மாட்டார்கள்.

ஹூட்டர் லைன். இதில் இரண்டு மூன்று ஆம்பியர் கிடைக்கும் என்பதால் ஆசை காட்டும். ஆனால் சாதாரண நேரத்தில் இந்த லைனில் பாசிட்டிவ், நெகட்டிவ் தலைகீழாக இருக்கும், கரண்ட்டும் கண்காணிப்புக்கு வேண்டிய அளவுக்குத்தான். அலாரம் அடிக்கும்போதுதான் துருவம் மாறி முழு 24 வோல்ட் வரும். அதாவது தீப்பிடித்தால் மட்டும் வேலை செய்யும் வைஃபை. அப்போதும் விட்டுவிட்டு ஒலிக்கும் முறை வைத்திருந்தால் கரண்ட் நொடிக்கு நொடி நறுக்கப்பட்டு வரும். ஹூட்டருக்கு வேண்டிய கரண்ட்டை ஏ.பி. பிடுங்கிக்கொள்வதும் அந்த நேரத்தில்தான்.

துணை 24 வோல்ட் வெளியீடு. கதவைப் பிடித்து நிறுத்தும் காந்தம், பீம் டிடெக்டர், நான்கு வயர் டிடெக்டர் போன்றவற்றுக்காகப் பேனலில் தனியாக இருக்கும் முனை இது. ஏ.பி. உண்மையிலேயே இயங்கக்கூடிய ஒரே இடம். பேனலைப் பொறுத்து அரை முதல் ஒரு ஆம்பியர் வரை கிடைக்கும். இதிலும் இரண்டு ரகம். ரீசெட் அழுத்தினால் சில நொடி கரண்ட் நின்று வருவது ஒன்று, நிற்காதது மற்றொன்று. முதல் ரகத்தில் மாட்டினால் பேனலை ரீசெட் செய்யும்போதெல்லாம் வைஃபையும் செத்துப் பிழைக்கும். சில பேனல்களில் மின்தடை வந்தால் பேட்டரியைக் காப்பாற்றக் கதவுக் காந்தத்துக்கான வெளியீடு தானாக நின்றுவிடும்.

### பேட்டரியும் வயர் நீளமும்

தீ அலாரம் பேனலின் பேட்டரி பொதுவாக 24 மணி நேரம் சும்மா காத்திருந்து, அதன் பிறகும் குறிப்பிட்ட நிமிடங்கள் எல்லா ஹூட்டரையும் அடிக்க வேண்டும். அமெரிக்காவின் தீ அலாரத் தரமான என்.எஃப்.பி.ஏ 72-ல் சாதாரண அலாரத்துக்கு அது 5 நிமிடம், குரல் அறிவிப்பு உள்ள இடங்களில் 15 நிமிடம். இன்னும் நீண்ட நேரம் கேட்கும் நாடுகளும் உண்டு.

12 வாட் ஏ.பி. ஒன்று 24 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும். 24 மணி நேரத்துக்கு 12 ஆம்பியர்-மணி. சிறிய பேனலுக்குள் இருப்பது இரண்டு 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரிகள், தொடரில் இணைத்தவை. மொத்தம் 24 வோல்ட், 7 ஆம்பியர்-மணி. பேனலின் சொந்தத் தேவையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒரே ஒரு ஏ.பி. 14 மணி நேரத்துக்குள் அதைக் காலி செய்துவிடும். ஆறு ஏ.பி. என்றால் 72 ஆம்பியர்-மணி. பேட்டரி வயதாவதற்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 86-ஐத் தாண்டும். அவ்வளவு பெரிய பேட்டரி பேனல் பெட்டிக்குள் அடங்காது, உள்ளிருக்கும் சார்ஜரும் அதைக் குறித்த நேரத்துக்குள் நிரப்பாது. சார்ஜர், பெட்டி, பேட்டரி எல்லாம் மாற்றினால் நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட்டும் அனுப்பும் நல்ல பி.ஓ.இ. சுவிட்ச் ஒன்றின் விலையைத் தொட்டுவிடுவீர்கள்.

வயர் நீளம் இதைவிட நயமாக ஏமாற்றும். 1.5 சதுர மி.மீ. செம்பு வயருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 12.1 ஓம், 100 மீட்டர் போக வர 2.4 ஓம். பேனல் அவ்வளவு கொடுக்கும் என்றே வைத்துக்கொண்டு, வயரின் மறுமுனையில் நான்கு ஏ.பி., மொத்தம் 48 வாட் என்று வையுங்கள். ஏ.பி. நிலையான வாட் கேட்கும் கருவி. வோல்ட்டேஜ் குறைந்தால் கரண்ட்டைக் கூட்டி இழுக்கும், அதனால் வோல்ட்டேஜ் இன்னும் குறையும். 24 வோல்ட்டில் தொடங்கினால் முனையில் 17.3 வோல்ட், 2.8 ஆம்பியர் என்று ஒருவழியாக நிலைகொள்ளும். மின்தடை வந்து பேட்டரி 20.4 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால்? அந்த வயர் அப்போது கடத்தக்கூடிய உச்சமே 43 வாட்தான். 48 கேட்டால் வோல்ட்டேஜ் சரிந்து, நான்கும் அணைந்து, மறுபடி எழுந்து, மறுபடி அணையும். சோதனைக்கு மேசையில் இரண்டு மீட்டர் வயரில் போட்டுப் பார்த்தவருக்கு இது எதுவும் தெரிந்திருக்காது.

### எர்த் ஃபால்ட்

பேனலின் 24 வோல்ட் எர்த்தோடு சேராமல் மிதக்கும்படிதான் அமைந்திருக்கும். எந்த வயராவது எங்காவது எர்த்தைத் தொட்டால் பேனல் உடனே எச்சரிக்கும். டி.சி. ஜாக் வழியாகக் கரண்ட் எடுக்கும் பல ஏ.பி.க்களில் நெகட்டிவ் முனையும் நெட்வொர்க் சாக்கெட்டின் உலோக உறையும் உள்ளுக்குள் ஒன்றாக இருக்கும். அதில் ஷீல்டு (உலோக உறை) உள்ள கேபிளைச் செருகி, மறுமுனை எர்த் செய்த ரேக்கில் (நெட்வொர்க் கருவிகளை அடுக்கும் அலமாரி) இருந்தால், பேனலின் நெகட்டிவை நீங்களே எர்த்தில் கட்டிவிட்டீர்கள். இடைவிடாமல் ஒலிக்கும் பஸ்ஸரை யாரோ ஒருவர் அமுக்கி மௌனமாக்குவார். பிறகு வேறோர் இடத்தில் பாசிட்டிவ் வயர் பைப்பில் உரசி எர்த் ஆகும்போது, இரண்டும் சேர்ந்து முழு ஷார்ட்.

விதிகளின் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். சாரம் ஒன்றுதான்: தீ அலாரத்தோடு இணையும் எந்தக் கருவியும் அந்தப் பேனலோடு பொருந்தும் என்று சான்று பெற்றிருக்க வேண்டும், அதன் நுகர்வு பேட்டரிக் கணக்கில் ஏற வேண்டும், அது பழுதானாலும் கழற்றப்பட்டாலும் அலாரம் பாதிக்கப்படக் கூடாது. கடைகளில் கிடைக்கும் ஏ.பி. எதுவும் இதில் தேறாது. தீ விபத்துக்குப் பிறகு காப்பீட்டு ஆய்வாளர் பேனலையும் திறந்து பார்க்கக்கூடும்.

அப்படியானால் இந்த வழிக்கு நியாயமான இடமே கிடையாதா? உண்டு. தீ அலாரத்தின் சொந்த வயர்லெஸ் கருவிகள்: ரேடியோ டிடெக்டர்களின் செய்தியை லூப்புக்கு மாற்றித் தரும் மாட்யூல், அலாரச் செய்தியை மொபைல் நெட்வொர்க்கில் அனுப்பும் பெட்டி. அதே பேனலுக்காகச் சான்று பெற்றவை, குறைந்த நுகர்வு உள்ளவை. வைஃபை அமைப்புக்கு அலாரம் அடித்த செய்தி மட்டும் வேண்டுமென்றால் பேனலின் ரிலே தொடர்பு (தானாகத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) போதும்; மின்சாரம் எதுவும் கைமாறாது. தீயணைப்பு வீரர்களின் வாக்கிடாக்கிக்காகக் கட்டடத்துக்குள் வைக்கும் சிக்னல் பெருக்கிகள்கூடத் தங்களுக்கென்று தனிப் பேட்டரி வைத்துக்கொண்டு, பேனலுக்குப் பழுதுச் செய்தியை மட்டும்தான் கொடுக்கின்றன.

## வழி 2: நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட் (பி.ஓ.இ.)

ஒரே கேபிளில் டேட்டாவும் 44 முதல் 57 வோல்ட் டி.சி.யும். 2003-ல் வந்த 802.3 ஏ.எஃப் என்ற நெட்வொர்க் தரத்தில் சுவிட்ச் 15.4 வாட் அனுப்பும், கருவிக்கு 12.95 வாட் சேரும். 2009-ன் ஏ.டி தரத்தில் 30 அனுப்பி 25.5 சேரும். 2018-ன் பி.டி தரத்தில் 60 அல்லது 90 அனுப்பி, 51 அல்லது 71.3 சேரும். கருவியில் 25 கிலோ ஓம் அடையாள ரெசிஸ்டர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகே சுவிட்ச் கரண்ட் விடும். தெரியாமல் லேப்டாப்பைச் செருகினாலும் ஒன்றும் ஆகாது. ‘பாஸிவ் பி.ஓ.இ.’ என்று வரும் 24 வோல்ட் இன்ஜெக்டர்களுக்கு (கேபிளில் கரண்ட்டை ஏற்றும் பெட்டிகள்) இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவற்றைத் தவிர்ப்பது நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் இரு முனையிலும் லேபிள் ஒட்டுங்கள்.

மொத்த நீளம், முனைகளில் செருகும் குட்டிப் பேட்ச் கேபிள் உட்பட, 100 மீட்டர். கேட் 6 ரக நெட்வொர்க் கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று பார்க்க வேண்டும். பிளேடால் மெல்லச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். கரண்ட்டை அது தடுக்கும் அளவு (ஓம்) செம்பைப் போல் சுமார் ஒன்றரை மடங்கு. நீண்ட ஓட்டத்தில் ஏ.பி. இரவில் நன்றாக இருக்கும், பகலில் ஆள்கூட்டம் சேர்ந்து நுகர்வு ஏறும்போது தானாக ரீஸ்டார்ட் ஆகும். மென்பொருள் கோளாறு என்று நினைத்து மாதக்கணக்கில் அப்டேட் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

சுவிட்ச்சின் மொத்த வாட் இன்னொரு பொறி. 24 போர்ட், ஒவ்வொன்றிலும் 30 வாட் என்று பெட்டியில் எழுதியிருக்கும். மொத்தத் திறன் 370 வாட் என்று விவரத்தாளில் சின்ன எழுத்தில் இருக்கும். அதை 24-ஆல் வகுத்தால் போர்ட்டுக்கு 15.4 தான். வரம்பை மீறினால் முன்னுரிமை குறைந்த போர்ட்டுகளைச் சுவிட்ச் அணைத்துவிடும். ஆகவே ஏ.பி.க்களின் அதிகபட்ச நுகர்வைக் கூட்டி, அதன் மேல் கால் பங்கு சேர்த்துச் சுவிட்ச்சைத் தேர்ந்தெடுங்கள். முக்கியமான போர்ட்டுகளுக்கு முன்னுரிமையையும் குறித்துவிடுங்கள்.

மின்தடைக்கு ரேக்கில் ஒரு யூ.பி.எஸ். போதும். பத்து ஏ.பி., 120 வாட். சுவிட்ச்சுக்கு 30 வாட். அரை மணி நேரத்துக்கு 75 வாட்-மணி. பேட்டரி பழுதானால் வைஃபை போகும், அவ்வளவுதான்.

கேபிள் இழுக்கும் கூலிதான் இதில் பெரிய செலவு. அதைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. பல அலுவலகங்களில் மேசையோரம் கேட் 5 ஈ பாயின்ட்டுகள் சும்மா கிடக்கும். சுவர்ப் பெட்டியிலேயே பொருந்தும் ஏ.பி.க்கள் வருகின்றன, பி.ஓ.இ. சுவிட்ச் மட்டும் மாற்றினால் கூரையைத் தொடாமலே வேலை முடியும். கேட் 5 ஈ 100 மீட்டரில் 2.5 கிகாபிட் வரை தாங்கும். புதிதாக இழுப்பதானால் ஒவ்வோர் ஏ.பி. இடத்துக்கும் இரண்டு கேபிளாக இழுங்கள். கூலி ஏறத்தாழ அதேதான். கூரையில் ஒன்றிரண்டு மீட்டர் வளையமாக விட்டு வையுங்கள், ஏ.பி.யைத் தள்ளி மாட்ட வேண்டி வரும். தீ அலாரம் கேபிள் போகும் பைப்புக்குள் இதை நுழைக்க வேண்டாம். தனிப் பாதை வேண்டும்.

## வழி 3: தனியாக ஒரு 48 வோல்ட் டி.சி. லைன்

டேட்டா ஃபைபரிலோ மெஷ்ஷிலோ (வைஃபை பெட்டிகள் கேபிள் இல்லாமல் தமக்குள் டேட்டாவைக் கைமாற்றும் முறை) வருகிறது, கரண்ட் மட்டும் வேண்டும் என்ற இடத்துக்கு இது. தீ அலாரம் வயரிடம் எதிர்பார்த்ததைச் சொந்த வயரில், சொந்தப் பேட்டரியில் செய்வது என்று வைத்துக்கொள்ளலாம்.

வோல்ட்டேஜை 48 ஆக வையுங்கள். மேலே பார்த்த அதே 100 மீட்டர், அதே 48 வாட்: முனையில் 45 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும், வயரில் வீணாவது மூன்று வாட்டுக்குள். 24 வோல்ட்டில் அது 18 வாட்டைத் தாண்டியிருந்தது. 60 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதால் தொட்டாலும் பொதுவாக ஆபத்தில்லாத வகைக்குள் அடங்கும். ஆனாலும் ஷார்ட் ஆனால் வயர் சூடேறும். ஒவ்வொரு கிளைக்கும் தனி ஃபியூஸ், மெயின் ஃபியூஸ் பேட்டரிக்கு ஒட்டிய இடத்தில்.

சறுக்குவது கன்வர்ட்டரில். 48 வோல்ட் என்று சொன்னாலும் நான்கு லெட்-ஆசிட் பேட்டரிகள் சார்ஜில் நிற்கும்போது லைனில் இருப்பது 54, 55 வோல்ட். ‘உச்சம் 48’ என்று போட்டிருக்கும் மலிவான பக் கன்வர்ட்டர் புகைந்துவிடும், போகும்போது சில சமயம் முழு வோல்ட்டேஜையும் ஏ.பி.க்குள் விட்டுவிட்டுப் போகும். குறைந்தது 60 வோல்ட் தாங்கும், எர்த்திலிருந்து பிரிக்கப்பட்ட ரகமாகப் பாருங்கள்.

100 மீட்டருக்கு மேல் போகும் கிடங்கு, வாகன நிறுத்துமிடம், பெரிய வளாகம் போன்ற இடங்களுக்கு ஃபைபரும் செம்பு ஜோடியும் ஒரே உறைக்குள் வரும் கூட்டுக் கேபிள் கிடைக்கிறது. அங்கே இந்த வழிதான் முதல் தேர்வு. சாதாரண அலுவலகத் தளத்துக்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

## வழி 4: அருகிலிருக்கும் பிளக் பாயின்ட், டேட்டா மெஷ்ஷில்

வீடு, சின்ன அலுவலகம், வாடகை இடம், சுவரைத் தொட அனுமதி இல்லாத பழம்பெரும் கட்டடம். இங்கெல்லாம் அடாப்டரைச் செருகிவிட்டு அன்றைக்கே வேலையை முடிக்கலாம்.

மறைசெலவு வேகத்தில் வரும். போன், லேப்டாப்புகளுக்கும் பெட்டிகள் தமக்குள் பேசும் பின்னணித் தொடர்புக்கும் ஒரே ரேடியோவைப் பயன்படுத்தும் கருவியில், பெட்டிக்குப் பெட்டி டேட்டா தாவும் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். பின்னணிக்கெனத் தனி ரேடியோ உள்ளதை வாங்குங்கள். இரண்டு தாவலுக்கு மேல் போகாதீர்கள். இரண்டாவது பெட்டியைச் சிக்னல் வராத அறையிலேயே வைப்பது எல்லோரும் செய்வது. வைக்க வேண்டியது சிக்னல் இன்னும் நன்றாக, மைனஸ் 65 டி.பி.எம். (சிக்னல் வலுவின் அளவு) அளவுக்கு வரும் நடுவழியில்.

அடாப்டரை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒளித்து வைக்க வேண்டாம். நெகிழ்வான மின்கம்பியைக் கூரைக்கு மேல் மறைத்து ஓட்டுவதைப் பல நாட்டு மின்விதிகள் தடுக்கின்றன. சூடு வெளியேறவும் வழி இருக்காது. கூரைக்கு அருகே முறையான பாயின்ட் ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்துப் போடுவதுதான் சரி. அந்தக் கூலியைச் சேர்த்துப் பார்த்தால் வழி 2-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. மின்தடையில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி யூ.பி.எஸ். வேண்டும் என்பது தனிக் கதை. சுத்தம் செய்ய வருபவர் வாக்குவம் கிளீனருக்காக அடாப்டரைக் கழற்றுவார் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

## வழி 5: கிடக்கிற மற்ற வயர்கள்

கேபிள் டி.வி.யின் கோஆக்ஸ் வயர் இருந்தால், அதில் டேட்டா அனுப்பும் மோகா 2.5 அடாப்டர் ஒரு ஜோடி போட்டு 2.5 கிகாபிட் வரை எடுக்கலாம். தொலைபேசி ஜோடியில் ஜி.ஹெச்.என். அல்லது வி.டி.எஸ்.எல். எக்ஸ்டெண்டர் (சாதாரண ஜோடி வயரில் டேட்டா அனுப்பும் பெட்டிகள்) ஓடும். வீட்டு மின்கம்பியிலேயே டேட்டா அனுப்பும் பவர்லைன் அடாப்டர், பெட்டியில் எழுதியிருப்பதில் ஒரு சிறு பங்குதான் கொடுக்கும். சர்ஜ் புரொடெக்டருக்குப் பின்னால் செருகினால் அதுவும் போய்விடும். இவை பெரும்பாலும் டேட்டாவுக்கு மட்டும்தான். கரண்ட்டுக்குப் பிளக் வேண்டும்.

கைவிடப்பட்ட தீ அலாரம் கேபிள் வேறு விஷயம். பழைய அமைப்பைக் கழற்றிப் புதியதை வேறு வயரில் போட்ட கட்டடங்களில் இது கூரைக்கு மேல் அப்படியே கிடக்கும். வழி 3-க்கான 48 வோல்ட் லைனாக இதைப் பயன்படுத்தலாம், சில நிபந்தனைகளோடு. தீ அலாரம் பராமரிப்பவர் இது செத்த லைன் என்று எழுத்தில் தர வேண்டும். இரு முனையும் பேனலிலிருந்தும் டிடெக்டர் மாட்டும் பேஸ்களிலிருந்தும் கழன்றிருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும், மீட்டரில் ஏ.சி., டி.சி. இரண்டும் சுழியம் காட்ட வேண்டும். வயருக்கும் எர்த்துக்கும் இன்சுலேஷன் சோதிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ஜங்ஷன் பாக்ஸிலும் ‘தீ அலாரம் அல்ல, 48 வோல்ட் டி.சி.’ என்று லேபிள். இதைச் செய்யாமல் விட்டால், பின்னால் வரும் டெக்னீஷியன் சிவப்பு வயரைப் பார்த்துத் தன் லூப்பில் சேர்த்துவிடுவார்.

இதே கேபிளில் சாதாரண ஈதர்நெட் ஓடாது, இரண்டே வயர். 2019-ல் வந்த 802.3 சி.ஜி. தரத்தின் ஒற்றை ஜோடி ஈதர்நெட் ஆயிரம் மீட்டர் வரை போகும், ஆனால் 10 மெகாபிட்தான், அதுவும் கேபிளின் தன்மை பொருந்தினால். சென்சார்களுக்கு அது தாராளம், வைஃபைக்குப் பத்தாது.

## ஒரே பார்வையில்

| வழி | டேட்டாவும் வருமா | மின்தடையில் | பழுது எதுவரை பாயும் | மறைசெலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|---|
| 1. ஓடும் தீ அலாரம் லைன் | வராது | அலாரத்தின் பேட்டரியைத் தின்னும் | உயிர்ப் பாதுகாப்பு வரை | மறுசோதனை, பேட்டரி, காப்பீடு | சான்று பெற்ற தீ அலாரக் கருவி மட்டும் |
| 2. பி.ஓ.இ. | வரும் | ரேக்கில் ஒரே யூ.பி.எஸ். | ஒரு போர்ட் | கேபிள் கூலி, சுவிட்ச் வாட் | அலுவலகம், பள்ளி, விடுதி |
| 3. தனி 48 வோல்ட் | ஃபைபர் தனியாக | சொந்தப் பேட்டரி | ஃபியூஸ் உள்ள ஒரு கிளை | கன்வர்ட்டர், பராமரிப்பு | 100 மீட்டருக்கு மேல் |
| 4. பிளக், மெஷ் | காற்றில் | இடத்துக்கு ஒரு யூ.பி.எஸ். | ஒரு கருவி, அதைத் தொடர்பவை | வேகம், புதிய பாயின்ட் | வீடு, வாடகை இடம் |
| 5. கிடக்கிற வயர் | வயரைப் பொறுத்து | பெரும்பாலும் தனியாக | இணைப்பைப் பொறுத்து | அடாப்டர் ஜோடி, சோதனை | கோஆக்ஸ் உள்ள வீடு, பழைய கட்டடம் |

ஐந்து அறைகளுக்கு மேல் உள்ள எந்த இடத்திலும் மேசையோரப் பாயின்ட்டுகளைச் சோதித்துவிட்டு வழி 2-ல் இறங்குங்கள். கூரையைத் திறக்க முடியாத தளத்தில் மட்டும் நான்கையும் ஐந்தையும் கலந்து பாருங்கள்: கோஆக்ஸில் டேட்டா, பிளக்கில் கரண்ட். கட்டுமானம் நடக்கும் புதிய கட்டடத்தில் இந்தக் கேள்வியே எழக் கூடாது.

## ஏற்கெனவே யாரோ தட்டி வைத்திருந்தால்

அடையாளங்கள்: விட்டுவிட்டு வரும் எர்த் ஃபால்ட், வழக்கத்தைவிடச் சீக்கிரம் சாகும் பேனல் பேட்டரி, கூரைக்கு மேல் டேப் சுற்றிய சின்ன கன்வர்ட்டர்.

1. தீ அலாரம் பராமரிப்பவரை வரவழைத்து, கண்காணிப்பு மையத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, அந்த ஸோனை மட்டும் முடக்குங்கள். முடங்கியிருக்கும் நேரம் முழுதும் அந்தப் பகுதியில் ஆள் சுற்றிவர வேண்டும்.
2. சந்தேகப்படும் ஏ.பி.யின் நெட்வொர்க் கேபிளை முதலில் உருவுங்கள். எர்த் ஃபால்ட் உடனே மறைந்தால் பாதை அந்தக் கேபிளின் ஷீல்டுதான்.
3. பேனலின் மெயின் சப்ளையை நிறுத்தி, பேட்டரி வயரில் மல்டிமீட்டரைத் தொடராக 10 ஆம்பியர் ரேஞ்சில் போடுங்கள். பேட்டரிக் கணக்குத்தாளில் 0.2 ஆம்பியர் என்று இருந்து மீட்டரில் 0.7 காட்டினால், மிச்சம் அரை ஆம்பியர் ஏதோ ஓர் ஏ.பி.யுடையது.
4. தட்டிய இணைப்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வயரை முறுக்கி ஒட்டாமல் முறையான டெர்மினலில் இணையுங்கள். கிளைபிரித்த வயர் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. சாதாரண ஸோனில் கிளையில் தொங்கும் டிடெக்டர் கழன்று விழுந்தாலும் பேனலுக்குத் தெரியாது. கடைசி ரெசிஸ்டர் உண்மையிலேயே கடைசியில் இருக்கிறதா என்று பாருங்கள்.
5. அந்த ஸோனின் ஒவ்வொரு டிடெக்டரையும் சோதனைப் புகை அடித்து, ஒவ்வொரு ஹூட்டரையும் ஒலிக்க வைத்துச் சோதியுங்கள். ஒன்றிரண்டை மட்டும் பார்த்துவிட்டு விடக் கூடாது.
6. அடிக்கடி முழுதாக வற்றிய லெட்-ஆசிட் பேட்டரி வோல்ட்மீட்டரில் நன்றாகக் காட்டும், லோடு போட்டால் படுத்துவிடும். லோடு டெஸ்ட் செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் இரண்டையும் ஒன்றாக மாற்றி, மாற்றிய தேதியைப் பேட்டரி மேலும் பேனல் பதிவேட்டிலும் எழுதுங்கள்.